மூடிய அறையின் சூடு

"சித்தி, வேலையில என்னதான் பண்ற?"

"கல்லுக்குள்ள காத்து போகுதான்னு பாக்கறேன்."

"போகுதா?"

"போகும். நம்மள மாதிரி அதுக்கு அவசரம் இல்ல. நேத்து காலையில உள்ள தள்ளினேன், இன்னும் வழி தேடிட்டிருக்கு."

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "உங்க அக்கா மண்டைக்குள்ள ஒரு விஷயம் போக எத்தனை நாளாகும்னு அளந்து சொல்லும்மா."

"அளக்கட்டும். முதல்ல உங்க காதுல ஆரம்பிக்கட்டும்" என்றாள் அம்மா.

அம்மாவின் தங்கை ஆய்வகத்தில் இருபது வருடங்களாகக் கல்லை அளந்து வருபவள். பூமியின் ஆழத்தில் துளைத்தெடுத்த கட்டைவிரல் அளவுக் கல்லுக்கு ரப்பர் உறை மாட்டி, எஃகுக் குழாயில் அடைத்து, ஒரு பக்கம் வாயுவை அழுத்துவாள். அந்த அழுத்தம் மெதுவாக இறங்கினால் கல் இறுக்கமானது. வேகமாக இறங்கினால் எதையும் கசியவிடும்.

குளியலறை அளவே இருந்த ஆய்வக அறையில், அளவெடுக்கும்போது யாரும் இருக்கக் கூடாது. அப்படி எழுதிக் கதவில் ஒட்டியதே சித்திதான். ஆனால் ஒரு கல்லை மட்டும் அவளால் தனியே விட முடியவில்லை. அந்தக் கல்லை எடுத்த பாறைக்கு அடியில் ஓர் ஆலையின் கழிவுநீரை இறக்கப் போகிறார்கள். பாறைக்கு மேலே ஓர் ஊரின் கிணறுகள். இரண்டு பகல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண் சொருகும்போது, முடியிழையைவிட மெல்லிய சந்துகளில் தானே சுவரைத் தடவித் தடவி நடப்பதுபோல் இருந்ததாம். எங்கும் கதவில்லையாம். அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை.

'எதையும் விடாத கல்' என்று சித்தி சொன்னதை அறிக்கையாக அலுவலக மொழியில் எழுதிக் கொடுத்தது நான்.

அடுத்த வாரம் சித்திக்குக் காய்ச்சல். உடன் வேலை பார்க்கும் மெக்கானிக் அதே கல்லை ஆளில்லாத அறையில் மறுபடி அளந்தார். அழுத்தம் மடமடவென்று இறங்கியது. அவர் அனுப்பிய வரைபடத்தில் இரண்டு அளவுகளின் கோடுகளையும் சித்தி எங்கள் சமையலறை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் உட்கார உட்கார அறை சூடாகியிருக்கிறது. சூட்டில் வாயு விரிந்து, இறங்கிய அழுத்தத்தை ஈடுகட்டிவிட்டது.

மெக்கானிக் தொலைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது. "கருவி பழசுதானே மேடம், அது தலையில கட்டிடுவோம். உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

திங்கட்கிழமை ஆலைக்காரர்கள் துளையிடத் தொடங்குவதாக இருந்தார்கள். சித்தி போனை வைத்துவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் தள்ளினாள்.

"நான் உள்ள உக்காந்திருந்தேன், என் உடம்புச் சூட்டுல அளவு தப்பாயிடுச்சுன்னு எழுது. அந்தக் கல்ல நம்பித் தோண்ட வேணாம்னு எழுது. கருவி மேல பழி போடாதே. என் பேரப் போட்டு, இன்னைக்கே எழுதித் தரியா?"