கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள்: சந்தேகவாதிகளோடு நான்கு இரவுகள்

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் எங்கே போகலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது இந்தக் கப்பல் பயணம். பேய், ஜாதகம், ஆவி என எதையும் நம்பாதவர்களுக்கான பயணம். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு நான்கு இரவுகள், இரண்டு தீவுகள், தினம் ஒரு சொற்பொழிவு. ஆவிகள் வெளியே உலாவும் என்று நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் பலர் கடலில் கால் வைக்கமாட்டார்கள். அதனாலேயே வேண்டுமென்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், கட்டணமும் குறைவு. ஜன்னல் வைத்த அறைக்கு ஆளுக்கு 612 சிங்கப்பூர் வெள்ளி.

நான் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிப்பவள். எனக்கு இந்தச் சொற்பொழிவுகள் தேவையில்லை. தேவை என் கணவர் செல்வத்துக்கு.

செல்வம் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாதவனைப் பார்த்தால் சாமியாடிவிடுவார். அப்படிப்பட்டவரின் கழுத்தில் ஆறு மாதமாக நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தைராய்டில் இருக்கிறது, ஊசி போட்டுச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் இரண்டு முறை அப்பாயின்மென்ட்டைத் தள்ளிப்போட்டார். ஜாலான் புசாரில் ஒரு ஜோதிடர், உடம்பில் கத்தி படுவதற்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். ஜோதிடர் ஒரு சாக்குதான் என்று எனக்குத் தெரியும். உண்மையான காரணம் என் மாமியார். பித்தப்பைக் கல் எடுக்க ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவர் திரும்பி நடந்து வரவில்லை. பதினொரு வருடமாகியும் அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட இவர் ஏறுவதில்லை. மூன்றாவது அப்பாயின்மென்ட் நாங்கள் ஊர் திரும்பும் வாரத்தின் வியாழக்கிழமை. அதற்குள் இவர் மனதை மாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

கிளம்புவதற்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவில் கடல் குமட்டலுக்கு மாத்திரையும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் வாங்கினேன். கப்பல் சாப்பாட்டைப் பற்றி எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. மறுநாள் எங்கள் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து ரயில், டோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறி மரினா சவுத் பியரில் இறங்கினால் கப்பல் முனையம் நடக்கும் தூரம். மதியம் ஒன்றரைக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் வரிசை பாம்பாக வளைந்துவிடுகிறது.

கப்பலில் எங்கள் குழு எழுபது பேர். அன்று மாலை அரங்கத்துக்குள் நுழைந்தால் முன்வரிசை முழுக்கக் காலி. ஏழாம் மாதத்து மேடை நிகழ்ச்சிகளில் முதல் வரிசையை இறந்தவர்களுக்கு விட்டுவைப்பது இங்கே வழக்கம். யாரும் சொல்லாமலேயே கப்பல் சிப்பந்திகள் விட்டுவைத்திருந்தார்கள். சிறப்புப் பேச்சாளர் டாஸ், பினாங்கைச் சேர்ந்த மேஜிக்காரர், ஐம்பது வயதுத் தமிழர். மேடைக்கு வந்ததும் எங்களை எழுப்பி முன்வரிசையில் உட்கார வைத்தார். சிரித்துக்கொண்டேதான் போய் உட்கார்ந்தேன். நாற்காலி சில்லென்று இருந்தது. ஏர்கான் காற்று நேராக அங்கேதான் இறங்குகிறது, மேலே பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

டாஸ் ஒரு பெண்ணிடம் அவளுடைய இறந்த நாயின் பெயரைச் சொன்னார், அவள் அழுதாள். அதன்பின் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று படிப்படியாக விளக்கினார். "நான் பொய் சொல்றேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். அப்புறமும் நீங்க நம்பினா நான் என்ன செய்யட்டும்?" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் 'இதைச் செய்யக்கூடாது' என்றிருந்த ஒரு தடையைச் சொல்ல வேண்டும். செல்வம் வாயே திறக்கமாட்டார் என்று நினைத்தேன். திறந்தார்.

"செம்பவாங்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரே காடு. வெளியிலேர்ந்து யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஆளைப் பாக்காம பதில் சொல்லக்கூடாதும்பாங்க எங்கம்மா. மூணு தடவ கூப்பிட்டாதான் மனுசன். மத்தது ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது."

"பதில் சொன்னா?" என்று கேட்டார் டாஸ்.

"அதோடயே போயிடுவோமாம்."

டாஸின் முகம் மலர்ந்துவிட்டது. நாளை மறுநாள் தீவில் இதையே சோதிக்கலாம் என்றார். உச்சிவேளையில் எல்லோரும் தோப்புக்குள் தனித்தனியாகப் போய் உட்கார வேண்டும். மரங்களில் ஒலிபெருக்கிகள் இருக்கும். கப்பலில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண் ஒருத்தியின் குரலில் எல்லோருடைய பெயரும் பதிவாகியிருக்கும். அவரவர் பெயர் கேட்டதும், முதல் கூப்பிடலிலேயே உரக்கப் பதில் சொல்லிவிட வேண்டும்.

முதல் தீவு வழக்கமான சுற்றுலாத் தீவு. டீ-ஷர்ட், இளநீர், வெயில், அவ்வளவுதான். இரண்டாவது தீவு ஜொகூருக்குக் கிழக்கே இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை, அங்கே இருக்கிற நாற்பது குடும்பங்களின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. கப்பல் கரைக்கு வராது, சிறு படகில் இருபது நிமிடம். படகோட்டி ஒரு மலாய்க்காரர். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. கரையில் எனக்குக் கை கொடுத்து இறக்கிவிடும்போது மலாயில் மெதுவாகச் சொன்னார்: "காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேணாம், அக்கா. கேட்டாலும் கேக்காத மாதிரி இருந்துடுங்க."

"நன்றி பாக்சிக்" என்று மலாய் வழக்கப்படி அவரை மாமா ஆக்கிவிட்டு நடந்தேன். மனதுக்குள் இவரும் செல்வமும் ஒரு கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறையிலிருந்து தோப்பு நானூறு மீட்டர். பாதி தென்னை, பாதி காடு. ஒவ்வொருவரையும் ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாத தூரத்தில் உட்கார வைத்தார் டாஸ். செல்வம் கடல் பக்கம் போனார். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி வெயில், நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. சில்வண்டுச் சத்தம் காதைத் துளைத்தது. கொஞ்ச நேரத்தில் அது அப்படியே நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில், சுவிட்சை அணைத்ததைப் போல.

"வாணீ..."

பிலிப்பினோ பெண்ணின் குரலுக்காகத்தான் காத்திருந்தேன். இது அவள் இல்லை. கடைசி எழுத்தை இழுத்து, இழுத்த இடத்தில் லேசாக ஏற்றி, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்கிற அவசரத்தோடு என்னைக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒருவர்தான்.

பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே வந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்டது, இப்போது இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். நான் பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. சில்வண்டுகள் மறுபடி ஆரம்பித்தன. பயந்துபோனேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

படகுத்துறைக்குத் திரும்பியதும் டாஸ் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். "பேர் கேட்டவங்க கை தூக்குங்க." பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன. டாஸ் சிரித்தார். "மரத்துல ஸ்பீக்கர் ஒண்ணும் இல்ல. நாங்க யாரையும் கூப்பிடவே இல்ல. கேக்கப் போகுதுன்னு சொன்னேன், கேட்டுருச்சு. இவ்வளவுதாங்க விஷயம்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மிக அழகான சோதனை, வகுப்பில்கூடச் செய்யலாம். எதிர்பார்ப்பு இருந்தால் மூளை காற்றுக்கும் பெயர் வைக்கும். எனக்குப் பழகிய குரலையே அது எடுத்துக்கொண்டதிலும் ஆச்சரியமில்லை. இப்படி எனக்கு நானே சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன், வட்டத்தில் செல்வம் இல்லை.

ஓடினேன். என் வயதில், அந்த வெயிலில், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக. கடலோரத்தில் விழுந்து கிடந்த ஒரு தென்னைமேல் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவியிருந்தார், சட்டையெல்லாம் ஈரம்.

"எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"அம்மா கூப்ட்டாங்க வாணி. வர்றேம்மான்னு சொல்லிட்டேன்."

"எத்தன தடவ கூப்ட்டாங்க?"

"ஒரு தடவதான். அதுக்குள்ள சொல்லிட்டேன், டாஸ் சொன்ன மாதிரி." எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்த முகத்தில் ஆறு மாதமாக இருந்த இறுக்கம் இல்லை. "வியாழக்கிழம போலாம் லா. சொல்லியாச்சு. இனிமே எதுக்குப் பயப்படறது?"

நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. ஆனால் இறந்த அம்மாவோடு போவதற்கு ஒப்புக்கொண்ட ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்கிறார். எனக்கும் அத்தையின் அதே குரல் கேட்டது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

திரும்பும் பயணத்தில் இவர் மூன்று வேளையும் வளைத்துக் கட்டினார், என் ஊறுகாயையும் காலி செய்தார். நான் என் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சொற்பொழிவு எதைப் பற்றி என்று கேட்டால் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். வியாழக்கிழமை காலை செங்காங்கில் நல்ல மழை. "அடுத்த வாரம் போலாமே" என்று சொன்னது நான்தான். குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்.

புற்றுநோய்தான். சின்னது, வேறெங்கும் பரவவில்லை, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். நவம்பரில் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். மூன்றாம் நாள் இவர் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தார். வாசலில் நான் அழுததைப் பார்த்து ஒரு டாக்சிக்காரர் டிஷ்யூ கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டாத சேவைக் கட்டணம் எங்கள் இருவருக்குமாக 176 வெள்ளி ஆனது. மேல்தளத்து ஜன்னல் அறைகளில் ஆட்டம் அதிகம், நடுத்தளத்தில் கேளுங்கள். தீவுக்கு மூடிய செருப்பு போட்டுப் போங்கள். சொற்பொழிவுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. குறிப்பாக டாஸின் பேச்சுக்காகவே மறுபடி போகலாம். படகோட்டிக்கு ஏதாவது கையில் கொடுங்கள், அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள். அறுவைக்குப் பின் செல்வத்துக்குக் குரல் எழும்பவில்லை, கிசுகிசுப்பாகத்தான் வரும். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். மதியம், நான் சமையலறையில் மிளகு ரசம் கூட்டிக்கொண்டிருந்தேன். புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"வாணீ..."

என் கை காஸை அணைத்தது. "இதோ வர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். முதல் கூப்பிடலிலேயே.

செல்வம் கட்டிலில் கிடந்தார். இரண்டு கை விரல்களும் குவிந்து விறைத்திருந்தன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தைராய்டு எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் இப்படிச் சரிவதுண்டு என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆம்புலன்ஸ் வேகமாகவே வந்தது. கால்சியம் ஏற்றினார்கள், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை எழுதும்போது அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார், நடுவரைக் கிசுகிசுப்பாகத் திட்டுவது இங்கே கேட்கிறது.

டாஸுக்கு எழுதினேன். அன்றே பதில் போட்டார். செல்வத்தின் கை இழுத்தபோது டம்ளர் தட்டி விழுந்திருக்கும், அந்த உலோகச் சத்தத்தைத்தான் பயத்திலிருந்த என் மூளை பெயராக மாற்றியிருக்கும் என்றார். நல்ல விளக்கம். என் மாணவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இருக்கலாம் என்று பதில் எழுதினேன்.

டம்ளர் விழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், காலையில் நான் வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஸ்பூனோடு. அதை மட்டும் டாஸிடம் நான் சொல்லவில்லை.