கௌசி பிரித்த தேள்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கௌசிக்குத் தையல் வேலை. சாறிச் சட்டைகளின் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, துணிதான் சுருங்கிவிட்டது என்று சொல்லும் பண்பும் அவரிடம் உண்டு.

மகன் யதுசன் பிறந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வர கௌசியின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் பிள்ளை பிறந்த தீட்டுள்ள துடக்கு வீடென்று ஒதுங்கி நின்று, போனிலேயே பத்தியம் சொன்னார்கள். துடக்கு என்றால் என்னவென்றே தெரியாத பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி சியூலான்தான் இஞ்சி போட்ட கோழிச் சூப்போடு வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, கௌசியை நித்திரை கொள்ள விட்டார்.

ஒருநாள் சூப்போடு ஒரு சிவப்புக் கையில்லாச் சட்டையும் வந்தது. அவரே பட்டு நூலால் பூவேலை செய்தது. ஆனால் பூ ஒன்றும் இல்லை. பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி. இருட்டினால் பாம்பைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத வீட்டில் பிறந்தவர் கௌசி. நன்றி சொல்லி வாங்கினார். சியூலான் போனதும் ஐந்தையும் பிரித்தெறிந்து மாங்காய் வடிவங்கள் தைத்தார்.

துடக்குக் கழிவன்று அந்தச் சட்டையோடிருந்த பிள்ளையைத் தூக்கிய சியூலான் மாங்காய்களை விரலால் தடவினார். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். இந்த ஊரில் கௌசியை விழாமல் பிடித்த ஒரே ஆள் வாசலைத் தாண்டப் போகிறார். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமென்று பயந்துவிட்டேன் என்று கௌசி பின்னாலேயே போய்ச் சொன்னார்.

சியூலான் நின்றார். இவ்வளவு வடிவான கன்னத்தில் மையை அப்பியது யார் என்று கேட்டார். கண்ணூறு படாமலிருக்க, என்றார் கௌசி.

"அப்ப என்ர தேள் வேறென்ன செய்தது?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும். நஞ்சைக் கண்டால் மற்ற நஞ்சு கிட்ட வராதாம். அவருடைய ஊரில் ஆசைப் பிள்ளைக்குத்தான் இதைத் தைப்பார்களாம்.

கௌசியின் கணவர் சிவதர்ஷன் சோபாவில் இருந்தபடி சொன்னார்: "நஞ்சை நஞ்சால வெருட்டிறதெண்டால், உம்மட அம்மாவுக்கு இன்னொருக்கா விசா போட்டுப் பாத்திருக்கலாம்."

கௌசி சிரிக்கவில்லை. தையல் பெட்டியைக் கொண்டுவந்து முதல் மாங்காயைப் பிரித்தார். சியூலான் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். பாம்பை அவர் தைத்தார். கௌசி தைத்த தேள், நண்டுக்கறி வைத்துப் பழகிய யாழ்ப்பாணக் கையல்லவா, நண்டாக வந்தது. அதைப் பிரிக்கச் சியூலான் விடவில்லை.

யதுசன் வளர்ந்துவிட்டான். சட்டை இப்போது சாமியறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தில் மயிலின் காலடியில் பாம்பொன்று எப்போதுமே இருந்தது. கௌசி அத்தனை காலமும் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறார். இப்போது விளக்கேற்றியதும் நண்டையும் தொட்டுக் கும்பிடுகிறார். பிறகு, சியூலான் இன்னமும் கொண்டுவந்து தரும் சூப்புச் சட்டியைக் கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், புட்டு நிரப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்.