சூட்டுக்கை செல்லப்பா

குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில், ஐந்தருவிக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது என் வீட்டுக்காரரைத்தான். எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். ஈரக்காற்றில் சட்டையைக் கழற்றி நடுங்கிக்கொண்டு நிற்பவன் முதுகில் இவர் கை பட்டதும், "என்னா சூடு அண்ணாச்சி" என்று சொக்கிப்போவான். அப்படித்தான் சூட்டுக்கை செல்லப்பா என்று பேர் விழுந்தது. அன்றைக்கே என் நிம்மதியும் போனது.

அந்தச் சூடு பிறவியில் வந்ததில்லை. நாலைந்து வருஷமாகத்தான். கூடவே விரல் மூட்டெல்லாம் வீங்கியது. காலையில் எழுந்தால் கை மடங்காது. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் காப்பி குடிப்பார். டாக்டரிடம் போவோம் என்றால், "வேலை பாக்குத கை அப்படித்தான்ட்டி இருக்கும்" என்பார். தன் வலியை மறைத்துக்கொண்டு ஊரார் வலியைப் போக்கக் கிளம்பிவிடுவார். சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது.

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்கு இரண்டு நாள் முகாம் போட்டார்கள். ரத்தப் பரிசோதனையோடு, உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கிற கேமராவும் வைத்திருந்தார்கள். உள்ளே வீக்கம் எங்கே கனன்றுகொண்டிருக்கிறதோ, அந்த இடம் சிவப்பாகத் தெரியுமாம். எண்ணெய் தடவாமல் வரவேண்டும் என்று முகாம் டாக்டர் ஸ்ரீரஞ்சனி முன்னாலேயே சொல்லியிருந்தார். இவர் நாலு முதுகைத் தேய்த்துவிட்டு, எண்ணெய் வழியும் கையோடு போய் நின்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஏசி அறையில் உட்காரவைத்து, எதையும் தொடாமல் கையைக் கொஞ்ச நேரம் ஆறவிடச் சொன்னார்கள். இந்த மனுசன் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். கை ஆறிப்போனால் பேர் கெட்டுப்போகுமாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆறவிட்டு, நான் பக்கத்தில் காவல் இருந்தபிறகுதான் படம் எடுக்க முடிந்தது.

படத்தில் விரல்நுனியெல்லாம் நீலம்; மூட்டும் மணிக்கட்டும் அடுப்புக் கங்காகச் சிவந்திருந்தன. முடக்குவாதம் என்று ரத்தப் பரிசோதனையும் சொன்னது. "இந்தச் சிவப்பு பூரா நோய் அண்ணாச்சி. இப்படியே விட்டா விரல் கோணிப்போகும், அப்புறம் நிமிராது" என்றார் டாக்டர். இவர் முகமெல்லாம் சிரிப்பாக, அந்தப் படத்தில் ஒன்று தனக்கு வேண்டும் என்று கேட்டார்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, அருவிப்பக்கம் தான் தொழில் பார்க்கிற இடத்தில் எண்ணெய்ப் பாட்டில்களுக்கு மேலே தொங்கவிட்டார். 'மெஷினே பார்த்துச் சொன்ன சூடு' என்று கீழே எழுத்து வேறு. சொந்த நோயை விளம்பரம் போட்டு விற்ற மனுசனை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அந்த சீசன் முழுக்கக் கூட்டம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

சீசன் முடிகிற சமயத்தில், ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கட்டைவிரல் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார். பயந்துபோயிருந்தார். எனக்கும் திட்ட வாய் வரவில்லை. டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனேன். அதிலிருந்து மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன்.

மெதுவாக விரல் நிமிர்ந்தது, வீக்கம் வடிந்தது. சூடும் போய்விட்டது. அடுத்த சாரலில், கடையத்திலிருந்து வருஷாவருஷம் வருகிற நல்லகண்ணு, படத்தையும் இவர் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாதியில் எழுந்து பக்கத்து ஆளிடம் போய்விட்டார். இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்து, இனி மாத்திரை வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். கையில் சூடு வந்த நாளிலிருந்து அந்தக் கை என் முதுகுக்கு வந்ததில்லை. வேலை முடிந்து வந்தால் அவரால் அதைத் தூக்கக்கூட முடியாது.

"இன்னைக்குத்தான் ஆளு இல்லல்லா? என் முதுகைப் பிடிச்சு விடுங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். எல்லார் கையையும் போல ஒரு கைதான். ஆனால் தோளிலிருந்து இடுப்புவரை அழுத்தமாக இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறியது. கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கலையேட்டி" என்றார், எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீழே பிடிக்கச் சொன்னேன்.