படகோட்டியைக் காட்டிக்கொடுத்த செயலி

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் பல்லுக்காரி. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு பொய்ப்பல் கட்டுகிற வேலை. மெழுகும் பிளாஸ்டரும் நகக்கண்ணில் ஏறிக் கிடக்கும். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததே இல்லை. சுளிக்க வைத்தது ஒரு செயலி.

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை விளையாட்டு நடக்கும். கணவன், நாத்தனார், மாடிவீட்டு பஸ் டிரைவர் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். கதையைக் கட்டி நடத்துகிற கேம் மாஸ்டர் அவள். இரண்டு வருடமாக அவர்களை ஆற்றோரம் அலையவிட்டு, ஒரு துரோகியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய கிழப் படகோட்டிதான் அந்தத் துரோகி. அதைப் போட்டு உடைக்கப்போகும் ஒரு ஞாயிறுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் பல் கட்டினாள் என்றே சொல்லலாம்.

விளையாட்டுப் புத்தகம் போட்ட கம்பெனி, கேம் மாஸ்டர்களுக்குக் கைகொடுக்கிறோம் என்று ஒரு செயலியையும் விற்றது. குறிப்பெல்லாம் அதில்தான் வைத்திருந்தாள்; ஆடுகிற மூவரின் போனிலும் அது இருந்தது. வெள்ளிக்கிழமை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, அவள் பூட்டி வைத்திருந்ததை மூவரின் போனுக்கும் அனுப்பிவிட்டது: ‘படகோட்டி - துரோகி.’ மூன்று பேருக்கு நேராகவும் ‘பார்த்தாயிற்று’ என்று பச்சைக் குறி.

கம்பெனிக்கு எழுதினாள். ‘தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. இந்தப் புதிய வசதியைப் பலரும் வரவேற்றுள்ளனர்’ என்று பதில் வந்தது. ஊரார் எச்சில் பட்ட அச்சுகளைக் கழுவுகிறவளுக்கு அன்றைக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது.

சரி, செயலிக்கு மானம் ரோஷம் கிடையாது. மனுஷர்களுக்கு இருக்குமே? ஞாயிறன்று மூவரும் வந்து உட்கார்ந்ததும் காத்திருந்தாள். தெரியாமல் பார்த்துவிட்டோம் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துவிட்டு வேறு கதை கட்டிவிடுவாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என்ன அண்ணி, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஒன்னுமில்ல. படகு நடு ஆத்துல போகுது. என்ன பண்றீங்க?"

டிரைவர் விட்டத்தைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். "என்னமோ தெரியல சிஸ்டர், இந்தக் கிழவன் மேல திடீர்னு ஒரு சந்தேகம்."

"எனக்கும் மனசுல பட்டுச்சு," என்றான் கணவன். வாய் கூசவில்லை. கட்டிக்கொண்டவன்!

பகடையை உருட்டினார்கள். நல்ல எண்ணாகவே விழுந்தது. கிழவனைக் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். மூன்று முகத்திலும் அப்படியொரு வெற்றிக் களை. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

செயலியில் என்ன எழுதியிருந்தாலும், கேம் மாஸ்டர் மேசையில் வாயால் சொல்கிறவரை அது கதையாகாது. அந்த ஒரு பிடிதான் அவள் கையில் மிச்சம்.

"கிழவன் முங்கிட்டான்," என்றாள். "அவன் துரோகி இல்ல. உங்களக் காப்பாத்தத்தான் கூட வந்தான். இனிமே கரை சேர வழி தெரிஞ்ச ஆள் யாரும் கிடையாது."

கணவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அதெப்படி? ஆப்ல துரோகின்னுதான போட்டிருந்துச்சு!"

நாத்தனார் மேசைக்கடியில் அவனை உதைப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"எந்த ஆப்லங்க?" என்றாள் அவள்.

பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் பல் கட்டினாள்.