கொக்குவிலுக்குப் பதினாறு மைல், எதிர்க்காற்றில்

காலை எட்டு மணிக்கு நெல்லியடிச் சந்தியில் சைக்கிளில் ஏறி மிதித்தேன். ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பெற்றோல் கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம். கொக்குவிலுக்குப் பதினாறு மைல். ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அன்று என் அக்காவுக்குக் கலியாணம். எங்கள் வீடு கரவெட்டி, மாப்பிள்ளை வீடு கொக்குவில். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். அழைக்காமல் மாப்பிள்ளை வாசற் படலை தாண்டுவதில்லை. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன் அவர் வெளிக்கிட்டாக வேண்டும். பிந்தினால் பன்னிரண்டு வரை வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். முகூர்த்தமோ பன்னிரண்டு பத்துக்கும் பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கும் இடையில். கொக்குவிலிலிருந்து கார் வர முக்கால் மணித்தியாலத்துக்கு மேலே பிடிக்கும். ஆகவே பத்தரையைத் தவறவிட்டால் முகூர்த்தமும் தவறும்.

அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. சாதகத்தில் செவ்வாய் என்று சொல்லி இரண்டு சம்பந்தம் குழம்பி, மூன்றாவதாக ஒப்பேறியது இது. மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன்தான் தலைவர், பெரியமாமா என்று எல்லோரும் சொல்லுவார்கள். தபாற்கந்தோரில் வேலைபார்த்து இளைப்பாறியவர். மரியாதை விஷயத்தில் பொல்லாத மனிதர். நிச்சயம் செய்ய வந்த அன்று வெற்றிலைத் தட்டத்தைத் தனக்கு இரண்டாவதாக நீட்டினார்கள் என்று, சாப்பிட்டு முடியும்வரை வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் எங்கள் பெண் போய் வாழப்போகிறாள். அழைக்கப் போன தோழன் பிந்தினான் என்றால் அக்கா அதை ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை வீட்டாரின் காருக்கு ஒருமுறை கரவெட்டிக்கு வந்துபோகத்தான் பெற்றோல் இருந்தது. எங்களுக்குக் காருமில்லை, கூப்பனுமில்லை. பஸ்ஸை நம்பி யாரும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். சைக்கிளில் போகிறேன் என்று நானே முன்வந்தேன். நான் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். தினமும் நாலு மைல் ஏற்றம் மிதிக்கிறவன். எங்கள் குடாநாட்டில் பனையைவிட உயர்ந்த நிலம் எங்கே இருக்கிறது? கீரிமலை என்று பெயர் உண்டு, மலை கிடையாது. போதாததற்கு இரண்டு நாள் முன்னர்தான் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இறங்கி, ரயிலின் கார்ட் பெட்டியில் வந்த சைக்கிளை எடுத்து, ஒரு மணி இருபத்தைந்து நிமிஷத்தில் கரவெட்டி வந்து சேர்ந்திருந்தேன். வியர்க்கவுமில்லை. என் கால்பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பி, ஆறு மணிக்கே வெளிக்கிடு. சோளகக் காத்து எழும்பினால் வல்லையைக் கடக்கேலாது” என்று அக்கா முதல்நாளே சொன்னாள். “சும்மா இரணை அக்கா, நான் மலையிலை ஓடுறனான். உது வெறும் தட்டை நிலம்” என்றேன். காலையில் ஆறுதலாக முழுகி, தலைக்கு வாசனை எண்ணெய் பூசி, பட்டுவேட்டி சால்வையோடு எட்டு மணிக்கு இறங்கினேன்.

எட்டு இருபது. வல்லைவெளி. வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரிக்கும் இந்த வெளியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏறக்குறைய இரண்டு மைலுக்கு ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. இரு பக்கமும் முழங்காலளவு உப்புநீர், நடுவே வெள்ளைக் கல்லு றோட்டு, ஒரு பாலம். தென்மேற்கே இருந்து வரும் சோளகத்தைத் தடுக்க அங்கே ஒன்றும் கிடையாது. கடைசிப் பனந்தோப்பைத் தாண்டியதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் சைக்கிள் நின்றுவிட்டது.

எழுந்து நின்று மிதித்தேன். இருபது யார் போனேன். வேட்டி கப்பற்பாயாக விரிந்து என்னைப் பின்னால் இழுத்தது; சால்வை முகத்தைச் சுற்றியது. அதை அவிழ்த்து இடுப்பில் கட்டுவதற்குள் சைக்கிள் சாய்ந்து றோட்டின் ஓரத்துக்குப் போனது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு நாளுக்கு முன் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது என் கால் அல்ல, இதே காற்றுத்தான். எட்டு வருஷம் மலையில் இருந்ததில் சொந்த ஊர்க் காற்றையே மறந்துபோயிருந்தேன். அட மடையா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். கேட்க ஒரு குருவிகூட இல்லை.

இறங்கி உருட்டினேன். பாலத்துக்குக் கிட்டப் பனையோலை ஏற்றிய மாட்டுவண்டில் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓலைப்பொதியின் பின்னால் ஒதுங்கியதும் காற்று அறுந்தது. வண்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

“எங்கை தம்பி, பட்டுவேட்டியோடை?”

“கொக்குவிலுக்கு அண்ணை. மாப்பிள்ளை அழைக்க.”

“உந்த நேரத்திலையோ? விடியப்புறம் போயிருக்க வேணும். தம்பிக்கு எந்த ஊர்?”

“கரவெட்டி.”

“கரவெட்டியோ! நான் கொழும்பு எண்டெல்லே நினைச்சன்” என்று சொல்லி, என் மனம் நோகுமென்று நினைத்தோ என்னவோ, முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓலையின் மறைப்பில் நடந்தால் களைப்பில்லை, ஆனால் மாட்டின் வேகம்தான். பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துப் பயந்து முன்னால் பாய்ந்தேன். வெளியைத் தாண்டும்போது ஒன்பது இருபத்தைந்து. இரண்டு மைலுக்கு ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிஷமும். அப்புத்தளையில் ஆறு மைல் ஏற்றம் இந்த நேரத்தில் ஏறுவேன். ஏற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, அதன்பின் இறக்கம் உண்டு. காற்று அப்படி ஒரு சலுகையும் தருவதில்லை.

இந்த வழியில் சைக்கிளில் வர விரும்புவோருக்கு: சோளகக் காலத்தில் மேற்கே போவதென்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு வல்லையில் நில்லுங்கள். முடியாவிட்டால் தொண்டைமானாறு, அச்சுவேலி என்று சுற்றிப் போங்கள். சில மைல் கூடுதல், ஆனால் அங்கங்கே பனைகள் மறைக்கும். கிழக்கே வருவதென்றால் எந்த நேரமும் வரலாம். வந்தபின் பெருமை பேசாதீர்கள்.

ஒன்பது ஐம்பது. அவரங்கால். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையில் ஐந்து சதத்துக்குப் பிளேன்ரீ வாங்கி நின்றபடியே குடித்தேன். மீதி ஒன்பதரை மைல், நேரமோ நாற்பது நிமிஷம். கடைக்காரர் என் கோலத்தைப் பார்த்து, “எங்கையேன் செத்தவீடோ தம்பி?” என்றார். கலியாணவீடு என்று சொல்ல வெட்கப்பட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

புத்தூர், சிறுப்பிட்டி. றோட்டின் இரு பக்கமும் புகையிலை அறுத்த தோட்டங்கள், வாழைகள். வாழையிலை எல்லாம் கிழிந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டின. பின்தொடையில் நரம்பு சுருட்டியது. கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒரே ஒரு நினைப்புத்தான் எனக்கு. மணவறைக்குப் பக்கத்தில் அக்கா மாப்பிள்ளை கொண்டுவரும் கூறைச்சேலைக்குக் காத்துக்கொண்டு இருப்பாள். ஐயர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி கேட்பார். சனம் குசுகுசுக்கும். மூன்றாவதும் குழம்பிவிட்டதாம் என்று. அழுகை வந்தது. மிதித்துக்கொண்டே அழுதேன், காற்று கண்ணீரைக் காதுப்பக்கம் கொண்டுபோனது.

பத்தரைக்கு நான் நீர்வேலியில். கொக்குவிலுக்கு இன்னும் ஆறரை மைல் கிடந்தது. இராகுகாலம் தொடங்கிவிட்டது. இனிப் போய் என்ன, போகாமல் என்ன. இருந்தும் இறங்கவில்லை.

பத்து நாற்பதுக்கு எதிரே ஒரு கறுப்புக் கார் வந்து, என்னைத் தாண்டி, நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு தலைப்பாகையும் சரிகைச் சால்வையுமாக ஒருவர் இறங்கினார். மாப்பிள்ளை.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்” என்று மட்டும் சொன்னேன். தாலி ஏறுமுன்பே அத்தான் என்று சொல்லிவிட்டேன்.

“காலமை எழும்பிப் பனை ஆடுற ஆட்டத்தைப் பாத்தன்” என்றார் அவர். “நீர் சைக்கிளிலை வாறீர் எண்டு தெரியும். வந்து சேரமாட்டீர் எண்டும் விளங்கிச்சுது. பத்தேகாலுக்கே படலை தாண்டிட்டன்.”

“பெண் வீட்டார் வந்து அழையாமல் எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் வெளிக்கிட்டதில்லை” என்று காருக்குள்ளிருந்து பெரியமாமாவின் குரல் வந்தது. முன் ஆசனத்தில் நேரே பார்த்தபடி இருந்தார். “நான் சொன்னன், கேக்கேல்லை. இனி ஊர் சிரிக்கட்டும்.”

“இப்ப தம்பி அழைக்கட்டும், சரிதானே?” என்றார் மாப்பிள்ளை. அந்த நடுறோட்டில் நான் கை கூப்பி அழைத்தேன். பெரியமாமா அதையும் பார்க்கவில்லை.

அடுத்த சிக்கல், இடம். தோழன் மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்து வரவேண்டும். பின்னால் மாப்பிள்ளையோடு அவர் தங்கையும் இரண்டு மாமிமாரும். முன்னால் சாரதியும் பெரியமாமாவும். இன்னொருவரை ஏற்றினால் கார் நகராது என்று சாரதி கையை விரித்துவிட்டார். பெண்களை றோட்டில் இறக்க முடியாது. சைக்கிளையும் விட்டுவிட்டுப் போக முடியாது. யுத்த காலத்தில் ஒரு சைக்கிள் ரயருக்குத் தவம் கிடக்க வேண்டும். பெரியமாமா கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார், சைக்கிளை என் கையிலிருந்து வாங்கினார், கிழக்கே திருப்பி ஏறினார்.

கார் பதினொன்றேகாலுக்குக் கரவெட்டி வந்தது. வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், அவர் தோழனுக்கு மோதிரம் போடுவார். குந்தினேன், கழுவினேன், எழும்ப முடியவில்லை. அத்தான் மோதிரம் போடும் சாட்டில் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பன்னிரண்டு இருபதுக்குத் தாலி ஏறியது. அக்கா தலை நிமிராமல் இருந்தாள். நான் சனத்துக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

பெரியமாமா கார் வந்து அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார். வியர்வை இல்லை. “நீர்வேலியிலையிருந்து ஒரு மணித்தியாலம்!” என்று பந்தலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “இந்த வயதிலை! மலையிலை இருக்கிற பொடியனுக்கு மூண்டு மணித்தியாலமாம்.” சாப்பிட்டார். என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலை எல்லோரும் காரில் திரும்பும்போது, தான் சைக்கிளிலேயே வருவதாகச் சொல்லி ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டார். எனக்குச் சொல்ல வாய் உன்னியது. சொன்னால் அதுவும் மரியாதைக் குறைவாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

லீவு முடிந்து புதன்கிழமை மலைக்குப் புறப்பட்டேன். சைக்கிள் கொக்குவிலில் கிடந்ததால் பஸ்ஸில் அங்கே போனேன். அக்கா படலைக்கு வந்தாள். “பெரியமாமா ஏதேன் சொன்னவரோ?” என்று மெதுவாகக் கேட்டேன். “நீயே போய்ப் பார்” என்றாள்.

விறாந்தையில் பெரியமாமா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். இரண்டு முழங்காலிலும் நல்லெண்ணெய் ஊறிய சீலை சுற்றியிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தாராம். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். நிச்சயம் செய்த நாளிலிருந்து என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“தம்பி, வல்லையிலை நீர் எவ்விடத்திலை இறங்கினனீர்?”

“கடைசிப் பனை தாண்டினவுடனை.”

“நான் அந்தப் பனைக்கு வர முன்னமே இறங்கிட்டன்” என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “பிள்ளை, உன்ரை தம்பி வந்திருக்கிறார். சாப்பிடாமல் விடாதை.”

குசினிக்குள்ளிருந்து ஓம் மாமா என்று அக்கா சொன்னது கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.