வெள்ளை நீர்க்காகம்

முட்டுக்காட்டுக் கழியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவள் சொர்ணம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். அதனால் வேலை நேரத்தில் பேச்சு கிடையாது, பார்வை மட்டும்தான்.

எழுபத்து நான்காம் வருஷம் தை மாதம் வந்திறங்கிய நீர்க்காகக் கூட்டத்தில் ஒன்று வெள்ளையாக இருந்தது. கொக்கு என்றுதான் நினைத்தாள். அது முங்கி, வாயில் மடவை மீன் குஞ்சோடு எழுந்தபோது திகைத்துப்போனாள்.

கரையேறியதும், கூட இறால் பிடிக்கும் வேண்டா என்பவள் சொன்னாள்: "நல்லதில்லடி அது. கல்லால அடிச்சித் தொரத்து."

"உன்ன இன்னா பண்ணிச்சி? அதும்பாட்டுக்குத் துன்னுகினு கீது."

நிம்மதியாக எங்கே தின்றது? அந்த வெள்ளை, பருந்தின் கண்ணில் சட்டென்று பட்டுவிடும். பிடித்த மீனைப் பாதி நாள் பருந்துதான் பறித்துப்போகும். மாசியில் அது சொர்ணத்தின் பக்கத்திலேயே மேய ஆரம்பித்தது. ஆள் இருந்தால் பருந்து கிட்டே வராது. கறுப்புப் பறவைகள் தண்ணீரில் நட்ட முளைக்குச்சியிலிருந்து தள்ளிவிட்டால் வெள்ளை சண்டை போடாமல் இறங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே வந்து உட்காரும். இத்தனை வருஷமாக நீர்க்காகம் என்றால் அவளுக்கு ஒரு கூட்டம்தான். அதில் ஒன்றுக்குத் தனியாக ஒரு குணம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

பங்குனியில் ஒருநாள் கரையில் ஜீப் வந்து நின்றது. துப்பாக்கியோடு ஒருவர் இறங்கினார்.

"ஏம்மா, இங்க வெள்ளையா ஒரு நீர்க்காகம் வருதாமே, பார்த்தியா?"

அது அப்போதுதான் அவள் அருகில் முங்கியிருந்தது. எந்த நொடியும் தலை தூக்கும். சொர்ணம் விருட்டென்று எழுந்து நின்றாள். பதில் சொல்ல வாய் திறந்ததும் பறி விழுந்து கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போயிற்று.

"அது பூட்ச்சி சார். நாலு நாளாச்சி, கோவளம் பக்கமா."

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. அவள் திரும்பவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிவதுபோல் அகல விரித்துப் பிடித்தபடி நின்றாள். ஜீப் கிளம்பிப் போனபிறகுதான் குனிந்து காலிப் பறியை எடுத்தாள்.

சித்திரையில் கழி வற்றியது; பறவைகள் போய்விட்டன. அடுத்த தையில் கூட்டம் வந்தது, வெள்ளை வரவில்லை.

"சுட்டுட்டானுங்களோ?" என்றாள் வேண்டா.

"வேற தண்ணிக்குப் பூட்டிருக்கும்."

சொன்னாளே தவிர, உறுதியில்லை. சேற்றில் ஒரு கறுப்பு நீர்க்காகம் நொண்டி நொண்டி நடந்தது. இதை முன்பு பார்த்திருக்கிறோமா என்று யோசித்தபடியே தண்ணீரில் இறங்கினாள்.