மச்சான் புகைத்த பதினாறு பக்கங்கள்

என் பாடப்புத்தகத்தின் முதல் பதினாறு பக்கங்களை என் அக்காள் கணவர் புகைத்துவிட்டார். பதினாறு பக்கம் என்றால் எட்டுத் தாள். ஒரு தாளை நான்காகக் கிழித்து, புகையிலை வைத்துச் சுற்றினால் நான்கு ரொக்கோ. ஆக முப்பத்திரண்டு ரொக்கோ, நாளுக்கு நான்கு வீதம் எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் எண்ணாமல் வைத்ததில்லை.

ஜப்பான்காரர்கள் வந்து ஈப்போவில் பள்ளிகள் மூடியபோது எனக்குப் பதினேழு வயது. ஆசிரியர் பயிற்சிக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு ஒரு நாவல் பாடமாக வைத்திருந்தார்கள். ஒரு வாலிபன் கனவு ஒன்றைக் கண்டு, அதைத் தேடி ஊர் ஊராகப் போகிற கதை. நூற்றெண்பத்து நான்கு பக்கம். அதில் ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை. அதையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு, காம்பாருக்குத் தெற்கே ரப்பர் தோட்டத்தில் இருந்த அக்காள் வீட்டுக்கு இரண்டு நாள் நடந்து போனேன். போனதும் காய்ச்சலில் படுத்தேன். நான் சொன்ன எட்டு நாள் அதுதான்.

எழுந்து பார்த்தபோது அட்டையும் இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை. மச்சான் தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வேலை செய்தவர். ரப்பர் பால் வெட்டு நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. புகையிலையைக் கொல்லையில் போட்டுக்கொள்ளலாம், தாளுக்கு எங்கே போவது?

“ஷீட்டு இல்லன்னு இப்பப் புத்தகத்துக்குப் புகை போடுறாரு லா” என்று மூன்றாவது வீட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர் முடிந்தால் தேர்வு நடக்கும். நாவலிலிருந்து கட்டாயக் கேள்வி ஒன்று வரும். அதில் தவறினால் தேர்வே போயிற்று. வாத்தியார் வேலை கிடைக்காவிட்டால் எனக்கும் மண்வெட்டிதான். மீதி இருந்த பக்கங்களைப் புரட்டினேன். ‘அந்தக் கனவு’ என்று நாற்பத்தொரு இடத்தில் வந்தது. என்ன கனவு என்று ஓரிடத்திலும் இல்லை. அது முதல் பதினாறு பக்கத்தில் இருந்திருக்கிறது.

நான் அழுதுவிட்டேன் என்று அக்காள் பிற்காலத்தில் சொல்வாள். எனக்கு அப்படி நினைவில்லை. மச்சான் என் எதிரே வந்து குந்தினார்.

“கவலப்படாத வாத்தியாரே. படிச்சிட்டுத்தான் லா பத்த வெச்சேன். எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“அப்ப சொல்லுங்க மச்சான். என்ன கனவு?”

அவர் கூரையைப் பார்த்தார். எங்கள் லயத்தில் பத்து வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் கேட்கும்.

“ஒரு வீடு” என்றார். “தனி வீடு. நாலு செவரும் அதோட சொந்தச் செவரு. நாலு பக்கமும் ஜன்னலு. அதக் கனவுல பார்த்துட்டுத்தான் பையன் கெளம்புறான்.”

நான் குறித்துக்கொண்டேன். மிச்சப் புத்தகத்தை அக்காள் அரிசி தீர்ந்துபோன டின்னில் போட்டு மூடி, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தாள்.

அன்றிலிருந்து நாவலை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். மரவள்ளிக் காட்டிலிருந்து இரண்டு மணிக்குத் திரும்புவோம். நாலு மணிக்கு மழை வரும். அதற்கு முன்னால் வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து, நாளுக்கு மூன்று பக்கம் சத்தமாக வாசிப்பேன். தனியாகத்தான் தொடங்கினேன். ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் தேர்வில் வரக்கூடிய கேள்விகளை அவர்களிடம் கேட்பேன். அவர்கள் சொல்லும் பதிலைக் கொண்டு என் பதிலைச் சரிபார்த்துக்கொள்வேன்.

சந்தேகம் வரும்போதெல்லாம் மச்சானைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எழுபத்தொன்றாம் பக்கத்தில் பையன் ஒரு தச்சரிடம் ஆறு மாதம் வேலைக்கு நிற்கிறான். வீடு தேடிப் போகிறவன் அங்கே ஏன் ஆறு மாதத்தை வீணாக்கினான் என்று கேட்டேன். ஜன்னல் செய்யக் கற்றுக்கொள்கிறான், இதுகூடத் தெரியவில்லையா என்றார் மச்சான். நூற்றுமூன்றாம் பக்கத்தில் கப்பல் ஏறுகிறான். வீடு அக்கரையில் இருக்கிறதாம். எல்லாம் பொருந்தி வந்தது. எனக்குத்தான் எதுவும் பொருந்தி வந்தால் கவலை, மறுபடி கேட்பேன். அவர் சலிக்காமல் ஒரு ஜன்னலையோ ஒரு கதவையோ கூடுதலாகச் சொல்வார்.

மூன்றாவது வீட்டு அக்காவின் கணவரையும் சேர்த்து எங்கள் லயத்திலிருந்து ஆறு பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். ஒருநாள் அந்த அக்கா கேட்டார்: “அந்த வீட்டுல பக்கத்து வீட்டுக்காரன் இருமுறது கேக்குமா?”

“கேக்காது” என்றார் மச்சான்.

“எங்க ஆளு இருமுறது?”

மச்சான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, “அது கேக்கும் அக்கா. உள்ளுக்குள்ள ரெண்டு ரூமுதான். நல்லாக் கேக்கும்” என்றார்.

இதையும் குறித்துக்கொண்டேன். வீட்டில் அறைகள் இரண்டு. (ஆறு பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். அந்த இரண்டு பேரில் அவர் கணவர் ஒருவர்.)

கடைசிப் பக்கத்தில் பையன் ஒரு கடற்கரைக்கு வந்து சேர்கிறான். அங்கே ஒரு பெண் கையில் விளக்கோடு நிற்கிறாள். நான் தேடியது கிடைத்துவிட்டது என்கிறான். கதை முடிந்தது. பன்னிரண்டு பேரும் மச்சானைப் பார்த்தார்கள்.

“சாவி அவகிட்டதான் இருக்கு லா” என்றார் மச்சான். எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. மறுநாள் பதினேழாம் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். போர் முடிவதற்குள் பதினொரு முறை வாசித்தேன். சாப்பிட மரவள்ளியும் கீரையும்தான், என் இரண்டு சட்டையில் ஒன்று கிழிந்துவிட்டது. ஆனாலும் அந்த மாலைகளில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பள்ளிகள் திறந்தன, தேர்வு வந்தது. பாடநூலை மாற்ற யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அதே நாவல்தான். ஈப்போவில் கடை கடையாக ஏறியும் வேறு பிரதி கிடைக்கவில்லை. கட்டாயக் கேள்வி: கதைத் தலைவன் கண்ட கனவு யாது, அது நிறைவேறியவாற்றை விளக்குக. பத்து மதிப்பெண். நான்கு சுவர், நான்கு ஜன்னல், இரண்டு அறை, அக்கரை, சாவி என்று மூன்று பக்கம் எழுதினேன். தேறினேன். எத்தனை மதிப்பெண் என்று சொல்லவில்லை. அந்தப் பத்துக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்ற கேள்வி முப்பத்திரண்டு வருட வாத்தியார் வேலையிலும் என்னோடு இருந்தது.

ஓய்வு பெற்ற வருடம் ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவலைப் பார்த்தேன், அட்டையோடு. நின்றுகொண்டே முதல் பதினாறு பக்கத்தைப் படித்தேன். வீடு இல்லை. ஜன்னல் இல்லை. பையன் கனவில் ஒரு பெண் கடற்கரையில் விளக்கோடு நிற்கிறாள், அவ்வளவுதான். தவறான விடை எழுதியா முப்பத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்தேன்?

புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக மச்சான் வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அவர் ஈப்போவுக்கு வெளியே வந்து ஒரு பலகை வீடு கட்டியிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து ரொக்கோ சுற்றிக்கொண்டிருந்தார்.

“மச்சான், நீங்க அந்தப் பதினாறு பக்கத்தப் படிக்கவே இல்ல” என்றேன்.

“எனக்கு எங்க லா படிக்கத் தெரியும்? கையெழுத்துப் போடுவேன். உங்க அக்காவுக்குத் தெரியுமே.”

“கல்யாணமான மூணாம் நாளே தெரியும்” என்றாள் அக்காள் அடுப்படியிலிருந்து. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ அழுதுக்கிட்டு நின்ன. அவரு எதையோ சொல்லட்டும்னு விட்டேன். அப்புறம் நல்லா இருந்துச்சு. எனக்கே கேக்கணும்போல இருந்துச்சு.”

மச்சான் ரொக்கோவைப் பற்ற வைத்தார். “சரி, புத்தகத்துல என்னதான் கனவு?”

“ஒரு பொண்ணு. கடற்கரையில வெளக்கோட நிக்கிறா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவர் யோசித்தார். “அவளுக்கு வீடு எங்க?”

தேநீர் குடிக்கும்போது அந்தப் பலகை வீட்டின் ஜன்னல்களை எண்ணினேன். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, அக்காள் கேட்டதற்காக அடுப்படியில் இன்னொன்று, ஆக ஐந்து. அறைகள் இரண்டு. திரும்பி வரும் பேருந்தில் நூற்றெண்பத்து நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்கு வீடு எங்கே என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. என் விடைத்தாளில் இருந்தது.